மாட்டு வால் முத்திரை

பிப்ரவரி 10, ஞாயிறு

அன்பு மகள் சிகுசாவுக்கு,

அப்பா எழுதுவது. கடிதத்தைப் பருவத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். நான் படித்ததில் மிச்சம் நிற்பது அது ஒன்றுதான், அதையாவது காப்பாற்றுகிறேன். கடல் பக்கமிருந்து ஈரப் பனி விழுகிறது. எதிர்வீட்டுச் சிவப்பு ஓடு பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை. கடிதத்துக்கான பருவம் முடிந்தது. நானும் அம்மாவும் நலம். என் இடுப்பும் நலம். இலையுதிர் காலத்து ஆபரேஷனுக்குப் பிறகு அது வீட்டில் தனி ஆள் மாதிரி ஆகிவிட்டதால், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். காரணம் உன் உத்தியோகம். நகரத்துக் குடிநீர் அலுவலகத்தில் உனக்குக் கொடுத்திருக்கிற வேலை, நடுரோட்டில் இரும்புக் கம்பியை ஊன்றி, அதன் தலையில் காதை வைத்து, "இங்கே, ஒரு மீட்டர் ஆழத்துல குழாய் ஒழுகுது" என்று சொல்வது. தார் ரோட்டுக்கு அடியில் ஒழுகுவதைக் கேட்கிறவள், அப்பன் பேச்சுக்கு அடியில் ஒழுகுவதைக் கேட்க மாட்டாயா? புத்தாண்டுக்கு வந்திருந்தபோது வெளிநாடு போவதைப் பற்றி நீ பேச்செடுத்தாய், நான் "புரி மீன் நல்லா இருக்கு" என்றேன். நீ மீனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாய். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த விஷயத்தைக் காகிதத்தில்தான் பேச வேண்டும் என்று. காகிதத்தில் சத்தம் வராது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அரசாங்கத்தின் அயல்நாட்டுத் தொண்டர் திட்டத்தில் நீ தேர்வாகிவிட்டாய். நாடு, ஆப்பிரிக்காவில் மலாவி. வேலை, அங்கே ஒரு நகரத்துக் குடிநீர்க்காரர்களுக்கு ஒழுக்குக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருவது. காலம் இரண்டு வருஷம். போகிறேன் என்றோ இல்லை என்றோ இம்மாதம் 28ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். உன் அலுவலகம் வேலையைப் பிடித்து வைத்திருந்து விடுப்புத் தரச் சம்மதிக்கிறது, ஆனால் உங்கள் பிரிவுத் தலைவர் தாள் மேல் தாள் கேட்கிறார், அதில் ஒன்று குடும்பத்தார் சம்மதத் தாள். சரியாகப் புரிந்துகொண்டேனா? கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தேன்.

அம்மா ஒரே தடவை படித்தாள். மீன் ஆலையிலிருந்து வந்த கையோடு, ரப்பர் பூட்ஸைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று படித்தாள். படித்துவிட்டு, "மலாவில முள்ளங்கி கிடைக்குமா?" என்றாள். தெரியாது என்றேன். "அப்ப ஊறுகாய் எப்படிப் போடுவா?" என்று என்னையே கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் அம்மாவின் அபிப்பிராயம்.

ஊரின் அபிப்பிராயம் இதைவிடப் பெரிது. தகெமுரா பெரியவர் தன் குட்டி லாரியை நம் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கியர் விழவில்லை என்பது சாக்கு. "என்னப்பா உஷியோ, பொண்ணை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புறியாமே? இருபத்தாறு வயசுல கல்யாணப் பேச்சு எடுக்கிறதை விட்டுட்டு?" என்றார். "அனுப்புறதுக்கு அவ என்ன பார்சலா?" என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் புகுந்துகொண்டேன். லாரிக்கு அடியில் போய்விட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

சரி, என் அபிப்பிராயம். போவதானால் போ. நல்ல காரியம். ஒரு தகப்பனாகச் சில சிறு தகவல்கள் மட்டும். நூலகத்தில் அட்லஸ் பார்த்தேன், அந்த நாட்டுக்குக் கடலே இல்லை. நீ கடலுக்கு நானூறு அடி தள்ளிப் பிறந்தவள். பாம்பு உண்டாம். மலேரியாவும் உண்டாம். அங்கே ஓடும் வண்டிகளில் பாதி நம் நாட்டில் தேய்ந்து கழித்தவைதானாம், ஆகவே பிரேக்கை நம்பாதே. உங்கள் பிரிவுத் தலைவருக்கு அடுத்த வருஷம் பதவி உயர்வு கொடுக்க ஆள் வேண்டியிருக்கும், கண்ணெதிரில் இருப்பவர்களில் இருந்துதான் எடுப்பார். இதையெல்லாம் நீ போக வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. தகவல்.

மேலும், இந்த விஷயத்தில் நம் வீட்டு ராசி உனக்குத் தெரியும். நானும் வாலிபத்தில் இதே திட்டத்துக்கு மெக்கானிக்காக விண்ணப்பித்தவன். தேர்வாளர் ஆங்கிலத்தில் 'ஹவ் ஓல்ட் ஆர் யூ' என்று வயதைக் கேட்க, நான் விறைப்பாக நின்று 'ஃபைன், தேங்க் யூ' என்று சொல்லித் தோற்ற கதையை நீ பிறந்தது முதல் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கேட்டுச் சிரித்திருக்கிறாய். நீ அந்தத் தேர்வில் ஜெயித்துவிட்டாய். அதுவே நம் வீட்டுக்குப் போதுமான பெருமை. போய்த்தான் ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

நீ கேட்ட சம்மதத் தாளை நிரப்பி, கையெழுத்து இடத்தில் பெயர் முத்திரை குத்தி, இதோடு வைத்திருக்கிறேன். அப்பா எதற்கும் குறுக்கே நிற்கவில்லை.

வெளியே போகும்போது கழுத்தைச் சுற்றி எதையாவது கட்டிக்கொள்.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 18, திங்கள்

அன்பு மகளுக்கு,

பனி நின்றுவிட்டது. வாசல் பிளம் மரத்தில் மூன்று பூ. பருவம் முடிந்தது.

நீ திருப்பி அனுப்பிய தாள் சனிக்கிழமை வந்தது. அதில் மஞ்சள் துண்டுச் சீட்டில் ஒரே வரி எழுதி ஒட்டியிருந்தாய்: "அப்பா, இது தவறா, பதிலா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. தாளை எட்டத்தில் பிடித்துப் பார்த்தேன், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தேன். அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "மாடு கால் நாலையும் தூக்கிக்கிட்டு மல்லாந்து கிடக்கு" என்றாள்.

உஷியோ என்ற நம் குடும்பப் பெயரின் முதல் எழுத்துக்கு அர்த்தம் மாடு, இரண்டாவது எழுத்துக்கு வால். பள்ளிக்கூடத்தில் இதற்காக நீயும் அழுதிருக்கிறாய், நானும் அழுதிருக்கிறேன். முத்திரையில் மாடு மேலே, வால் கீழே இருக்க வேண்டும். நான் குத்தியதில் வால் மேலே நின்றது, மாடு அடியில் கிடந்தது. தலைகீழ்.

நீ ஏன் அப்படிக் கேட்டாய் என்றும் தெரியும். தெருச் சங்கத்தில் குப்பைத் தொட்டி இடம் மாற்றியபோது, தகெமுரா பெரியவர் சபையில் 'சரி' என்று சொல்லிவிட்டுத் தீர்மானத்தில் வேண்டுமென்றே தன் முத்திரையைத் தலைகீழாகக் குத்தினாரே. 'கை சம்மதிக்குது, மனசு சம்மதிக்கல' என்று அர்த்தம். அந்த வருஷம் முழுக்க ஊர் சிரித்தது, நாமும் சிரித்தோம். இப்போது உன் அப்பன் அதே காரியத்தை உன் பிரிவுத் தலைவர் மேசைக்கே அனுப்பப் பார்த்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உனக்குப் பதில் யோசித்தேன். கண்ணாடி போடவில்லை என்று எழுதலாமா? மை காய்ந்திருந்தது என்று? அம்மா அவசரப்படுத்தினாள் என்று? மூன்றும் நல்ல பொய்கள். ஆனால் நீ கம்பியை ஊன்றினால் மூன்றும் ஒழுகும்.

வாடிக்கையாளர்கள் பழைய வண்டியைப் பெயர் மாற்றி விற்கும்போது, பதிவு செய்த பெரிய முத்திரையை நம் பட்டறை மேசையில்தான் குத்துவார்கள். அந்த முத்திரைகளில் எந்தப் பக்கம் மேல் என்று விரலுக்குக் காட்டும் பள்ளம் இருக்காது. தினசரி முத்திரையில் இருக்கும், இதில் இருக்காது. ஏனென்றால் பெரிய விஷயத்துக்குக் குத்துகிறவன் ஒரு நொடி நிற்க வேண்டும், திருப்பிப் பார்க்க வேண்டும். முப்பது வருஷமாக வருகிறவர் போகிறவர்களிடம் எல்லாம் நான்தான், "அவசரப்படாதீங்க, ஒரு தடவை திருப்பிப் பாருங்க" என்று உபதேசம் செய்கிறேன். என் மேசையில் இதுவரை ஒரு முத்திரை தலைகீழாக விழுந்ததில்லை. என்னுடையதுதான் முதல்.

நான் திருப்பிப் பார்க்கவில்லை, சிகுசா. மறந்து அல்ல. திருப்பிப் பார்த்தால் நின்றிருப்பேன், நின்றிருந்தால் குத்தியிருக்க மாட்டேன். அதனால் கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு கையைக் குத்தவிட்டேன். கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாத விஷயம். நான் அந்தத் தேர்வில் தோற்கவில்லை.

'ஃபைன், தேங்க் யூ' நிஜம்தான். தேர்வாளர்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு பக்கத்துக் கொட்டகைக்கு அழைத்துப்போய் ஓடிக்கொண்டிருந்த ஒரு டீசல் எஞ்சினைக் காட்டி என்ன கோளாறு என்று கேட்டார்கள். பானெட்டைத் திறக்காமலே மூன்றாவது சிலிண்டர் என்றேன். நடுவில் நின்றவர், "இங்கிலீஷ் அங்க போய் வந்துக்கும்யா" என்றார். புத்தாண்டுக் கதையில் நான் எஞ்சினுக்கு முன்பே நிறுத்திவிடுவேன்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. நேபாளம். ஒரு பேருந்துப் பணிமனை. எனக்கு இருபத்துமூன்று வயது. தாத்தாவிடம் காட்டினேன் என்று நினைக்காதே, யாரிடமும் காட்டவில்லை. மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பதினாறு நாள் அலைந்தேன். பதில் சொல்ல வேண்டிய நாள் வந்தது. அன்றைக்கு ஒரு வண்டியின் கியர் பெட்டி முழுவதையும் தேவையே இல்லாமல் பிரித்துத் திரும்பப் பூட்டினேன். நாள் போய்விட்டது. சாப்பிடும்போது, "தோத்துட்டேன்ப்பா" என்றேன். தாத்தா "அப்படியா" என்று சொல்லி, மிசோ சூப்பை எனக்கு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

ஏன் போகவில்லை? எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் தாத்தா. அவருக்கு வயதாகிறது, பட்டறை ஒற்றை ஆளால் ஓடாது, நான் நல்ல பிள்ளை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? பல வருஷம் நானே நம்பினேன். தாத்தாவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. இன்றைய என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஒரு கையால் டயரைத் தூக்குவார். நிஜம் என்னவென்றால் எனக்குப் பயம். பாம்புக்கோ காய்ச்சலுக்கோ அல்ல. அங்கே போய் நிற்கும்போது என்னை உஷியோ வீட்டுப் பையன் என்று யாருக்கும் தெரியாது, கையில் இருக்கிற வேலை ஒன்றை வைத்துத்தான் என்னை எடைபோடுவார்கள். கை போதாது என்று தெரிந்துவிட்டால்? நீ உன் கடிதத்தில், "பாஷையும் தெரியாம அங்க போய் நான் என்னத்தைக் கிழிக்கப் போறேன்ப்பா" என்று எழுதியிருந்தாயே. அந்த வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். மற்றதை ஒரு தடவைதான்.

எனக்குப் பதிலாக யாரோ ஒருவன் போயிருப்பான். நல்லவனாக, கெட்டிக்காரனாக இருந்திருக்க வேண்டும். டிவி செய்தியில் அந்த நாட்டு மலைப்பாதையில் பேருந்து கவிழ்ந்தது என்று வந்தால், நான் தேநீர் போட எழுந்துவிடுவேன். எனக்குத் தேநீர் போடத் தெரியாது என்று நீங்கள் இருவரும் கிண்டல் செய்வீர்கள்.

உனக்கு எழுதுவதற்கு முன் இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு, உட்காரும் மெத்தையைத் தள்ளிவைத்துவிட்டு முறையாக மண்டியிட்டு உட்கார்ந்தேன். இடுப்பு கத்தியது, பொருட்படுத்தவில்லை. அம்மா முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள். "புசாயே, உன்கிட்ட முப்பது வருஷமா ஒண்ணு மறைச்சிட்டேன்" என்று தொடங்கி முழுவதும் சொன்னேன். அம்மா சீவுவதை நிறுத்தவில்லை. முடிந்ததும், "அதான் தெரியுமே" என்றாள்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"மாமா சொன்னாரு. அவர் போறதுக்கு முந்தின வருஷம், ஆஸ்பத்திரியில. நீங்க பதில் போடலைன்னதும் அந்த ஆபீஸ்ல இருந்து ஒரு அட்டை வந்துச்சாம், 'உங்க பதிலை எதிர்பாக்கறோம்'னு. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. மாமா கையில கிடைச்சுது."

"அப்பாவுக்குத் தெரியுமா!"

"தெரியாமலா பெட்டியில ஃபேன் பெல்ட்டைக் கொண்டுபோய் வெச்சாரு?"

பட்டறை அலமாரி மேல் இருக்கிற பச்சைப் பெட்டி. சின்ன வயதில் நீ அதற்குள் ஒளிந்துகொள்வாய். உனக்கு அது ஃபேன் பெல்ட் பெட்டி, எனக்கும்தான். அது நான் விண்ணப்பம் போட்ட மாதமே தாத்தா எனக்காக வாங்கிய பயணப் பெட்டி. தோற்றேன் என்று நான் சொன்ன பிறகு, சில நாள் அது நடைவழியில் வெறுமனே நின்றது. அதைத் தாண்டித் தாண்டிப் போவேன். ஒருநாள் பார்த்தால் அது அலமாரி மேல் ஏறியிருந்தது, உள்ளே அளவு வாரியாக ஃபேன் பெல்ட்டுகள். கிழவர் சிக்கனக்காரர், இடத்தை வீணாக்க மாட்டார் என்று அன்றைக்கு நினைத்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே, என் கண்ணில் படாமல் அதற்கு வேறு ஒரு வேலையைக் கொடுத்து மேலே ஏற்றியிருக்கிறார்.

"அப்ப ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நான் அந்தக் கதையைச் சொல்லும்போது ஏன் சிரிச்சே?" என்று அம்மாவைக் கேட்டேன். "கதை நல்லாத்தானே இருக்கு. அதுவுமில்லாம இந்த வருஷமாவது எஞ்சின் வரைக்கும் போவீங்களான்னு பாப்பேன்" என்றாள். எஞ்சினையும் தாத்தா அவளிடம் சொல்லியிருக்கிறார். எப்படித் தெரிந்ததோ அவருக்கு. தேர்வாளர் எவரோ நம் பட்டறைப் பக்கம் வந்து போனாரோ என்னவோ. இனிக் கேட்க ஆள் இல்லை.

சிகுசா, உன் கேள்விக்கு வருகிறேன். தவறா, பதிலா? தவறுதான். ஆனால் அந்தத் தவறுக்குள் ஒரு பதிலும் இருந்தது. அதைச் சொன்னவன் இருபத்துமூன்று வயது உஷியோ. அவனிடம் நீ ஒன்றும் கேட்கவில்லை, அவனை ஒதுக்கிவிடு.

ஐம்பத்துமூன்று வயது உஷியோவிடம் கேட்டால், அவனுக்கு நீ போவதில் விருப்பம் இல்லை. மறைப்பானேன். இரண்டு வருஷம் என்பது அவனுக்கு நீண்ட காலம். ஆனால் அது அவன் பாடு, அவன் பார்த்துக்கொள்வான். உன்னிடம் வேண்டுவது ஒன்றுதான்: என்னைக் காரணமாக்காதே. போகாமல் இருக்கத் தோன்றினால், உனக்காகப் போகாமல் இரு. இடுப்பு ஆபரேஷனுக்காக இருக்காதே. நான் தாத்தாவை அப்படித்தான் பயன்படுத்திக்கொண்டேன், ஐம்பத்தொரு வயது மனிதரைக் கிழவராக்கி. அவர் அதைத் தெரிந்துகொண்டே சுமந்தார். நான் அவ்வளவு நல்லவன் இல்லை, என்னால் சுமக்க முடியாது. போகத் தோன்றினாலும் என் பழைய பாக்கியைத் தீர்ப்பதற்காகப் போகாதே. நேபாளத்துக்கு நான் போகாததற்கு மலாவி பொறுப்பல்ல.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நான் போயிருந்தால் அந்த வருஷம் அம்மாவைப் பார்த்திருக்க மாட்டேன், நீயும் இல்லை. ஆகவே செய்த தவறுக்கு நான் ஒழுங்காக வருத்தப்படவும் முடியவில்லை. வருத்தப்பட உட்கார்ந்தால் நடுவில் உன் முகம் வந்து கெடுத்துவிடுகிறது. இருபத்தாறு வருஷமாக இதே தொந்தரவு.

தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். புதுத் தாள் வேண்டுமானால் அனுப்பு. வேண்டாம் என்றால் அனுப்பாதே. இரண்டுமே எனக்குப் புரியும்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: "பாஷை தெரியாட்டி என்ன, மண்ணுக்கு அடியில ஒழுகுற தண்ணி எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதானே சத்தம் போடும்" என்று எழுதச் சொன்னாள் அம்மா. முள்ளங்கி விதையும் கொடுத்தனுப்பலாமா என்று கேட்கிறாள். அடுத்த நாட்டுக்கு விதை கொண்டுபோகக் கூடாது என்று சொன்னேன். "ஏன், முள்ளங்கி என்ன தப்பு பண்ணுச்சு?" என்று மறுபடியும் என் மேல்தான் கோபம்.


பிப்ரவரி 25, திங்கள்

அன்பு மகளுக்கு,

பிளம் முழுக்கப் பூத்துவிட்டது. இந்தத் தடவை பருவத்தை நானே விரும்பி எழுதுகிறேன்.

உன் உறை இன்று காலை வந்தது. உள்ளே புதுத் தாள். உன் பகுதியை நிரப்பி, உன் முத்திரையை நீயே குத்தியிருக்கிறாய். மாடு மேலே, வால் கீழே, நேராக நிற்கிறது. கூடவே மஞ்சள் சீட்டு: "அப்பா, இந்த முறை திருப்பிப் பார்த்துக் குத்துங்கள். பார்த்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் குத்தாதீர்கள். எப்படியானாலும் நான் போகிறேன்."

வாசலில் நின்றே படித்தேன். பிறகு தகெமுரா பெரியவரின் லாரிக்கு அடியில் போய்க் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டேன். லாரியில் ஒன்றும் கோளாறு இல்லை. மேலே இருந்து பெரியவர், "என்னய்யா, என் வண்டிக்கு அவ்வளவு பெரிய வியாதியா?" என்றார். "ஆயில் ஒழுகுதான்னு பாக்கறேன்" என்றேன். "ஒழுகுதா?" என்றார். "கொஞ்சம்" என்றேன்.

மதியம் அம்மா ஆலையிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்தாள். மேசையைத் துடைத்தோம். புது மை வைத்தோம். அதற்கான சின்னப் பெட்டியிலிருந்து முத்திரையை எடுத்து அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, "கை மரத்துப்போயிடப் போகுது" என்று அம்மா சொல்லும் வரை. நின்ற அந்த நேரத்தில் என்னென்னவோ வரும் என்று பயந்திருந்தேன். ஒன்றுதான் வந்தது. நீ நாலு வயதில் பச்சைப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு, "நான் இங்க இல்ல" என்று உள்ளே இருந்தே கத்துவாயே, அது. அப்புறம் குத்தினேன். அம்மா எடுத்துப் பார்த்து, "எந்திரிச்சிருச்சு" என்றாள். மாட்டைச் சொன்னாள்.

தாளின் அடியில் 'குடும்பத்தார் சொல்ல விரும்புவது' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன எழுதுவது என்று ஒரு மணி நேரம் போராடினோம். என்னுடைய முதல் வரைவு ஒன்றரைப் பக்கம், பிரேக் பற்றியே பாதி. அம்மா அதைப் பிடுங்கிவைத்துவிட்டு, "தினம் காலைல வாசல்ல என்ன சொல்லுவோம்? அதை எழுதுங்க, போதும்" என்றாள். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து நீ செருப்பை மாட்டிக்கொண்டே "போயிட்டு வரேன்" என்பாய். உள்ளே இருந்து நாங்கள் அதற்குச் சொல்லும் பதிலை யோசித்துச் சொன்னதே இல்லை, வாய் தானாகச் சொல்லும். அதைத்தான் கட்டத்தில் எழுதியிருக்கிறோம். உங்கள் பிரிவுத் தலைவர் இது போதாது என்றால், என்னைக் கூப்பிடச் சொல். நான் ஆங்கிலத்தில் பேசுகிறேன்.

வேறு செய்தி. ஃபேன் பெல்ட்டுகளை அட்டைப் பெட்டிக்கு மாற்றிவிட்டேன். பச்சைப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறேன். அது உனக்கு வேண்டாம், கனம் அதிகம், ரப்பர் நாற்றம் போகவில்லை. நீ நல்லதாகப் புதுசு வாங்கிக்கொள். இது சும்மா வெயிலில் இருக்கட்டும்.

பட்டறையில் நிற்கும் உன் சின்ன வண்டிக்கு ஜூன் மாதம் தகுதிச் சோதனை முடிகிறது. நீ கிளம்புவதும் அந்த மாதக் கடைசி என்று எழுதியிருக்கிறாய். நானே சோதனை முடித்துக் கண்ணாடியில் புதுச் சீட்டு ஒட்டிவைக்கிறேன். ஞாயிறுதோறும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விடுவேன், பேட்டரி இறங்காது. சீட்டு இரண்டு வருஷத்துக்குச் செல்லும். அது காலாவதியாகிவிட்டால் வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. ஆகவே அதற்குள் நீ வந்துவிட வேண்டும். நான் சொல்லவில்லை, சட்டம் சொல்கிறது.

ஜூனில் ரயில் நிலையத்தில் நான் உளறலாம். மலாவியில் மீன் கிடைக்குமா என்று கேட்கலாம். டயரைப் பற்றிப் பேசலாம். நீ கம்பியை ஊன்ற வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒழுகும். அதனால் சொல்ல வேண்டியதைக் காகிதத்திலேயே சொல்லிவிடுகிறேன், சத்தம் இல்லாமல்.

போயிட்டு வா.

அப்பா

(கீழே முத்திரையும் குத்தியிருக்கிறேன். கடிதத்துக்குத் தேவையில்லைதான். திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குத்தினேன்.)